மிளகுக்கு யார் துணை

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம். அப்படித் தொடங்குவது வழக்கம் என்பதால் எழுதினேன். இந்த வீட்டில் இப்போது யாருக்கும் அந்தச் சொல் பொருந்தாது.

நேற்று நாம் போனில் பேசியது நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் நான் பேசும்போது நீங்களும் பேசினீர்கள், நீங்கள் பேசும்போது நானும் பேசினேன். பக்கத்து அறையில் படுத்திருந்த என் மருமகள் எழுந்து வந்து போனை வாங்கி வைத்துவிட்டாள். "ரெண்டு பேரும் இனிமே கடுதாசி எழுதிக்குங்க. அதுல யாரும் குறுக்க பேச முடியாது. என் வைத்தியம் முடியற வரைக்கும் இதான் சட்டம்" என்றாள். உடம்பு சரியில்லாதவளிடம் வாதம் செய்ய முடியுமா? எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது நிணநீர்ப் புற்றுநோய். பத்தாம் தேதி மருந்து தொடங்குகிறது. மொத்தம் ஆறு சுற்று. ஒரு சுற்றுக்கு இருபத்தொரு நாள். முதல் நாள் மருத்துவமனையில் மருந்து ஏற்றுவார்கள். பிறகு ஒரு வாரம் அசதி, குமட்டல். இரண்டாவது வாரம்தான் ஆபத்தானது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போய்விடும். காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூன்றாவது வாரம் கொஞ்சம் தெளிவாள். "குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா கூட இருக்கறவங்க தளர்ந்துடக் கூடாது" என்றார் டாக்டர்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். யாராவது எங்காவது மாட்டிக்கொண்டால் ஓட வேண்டியவன். வேலையை விட்டால் இவளுடைய மருத்துவக் காப்பீடும் போய்விடும். எனவே நான் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வையாளராக இருந்து, நாற்பது பெண்களுக்குப் பணி அட்டவணை போட்டவள் நான். இதற்கும் ஒன்று போட்டு இணைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாயார்


பிப்ரவரி 8

சம்பந்தியம்மா,

அட்டவணை வந்தது. என் தையல் கடையில் வெட்டுமேசைமேல் விரித்து, சுருளாமல் இருக்கக் கத்தரிக்கோலை மேலே வைத்துப் பார்த்தேன். நல்ல தாள். கோடெல்லாம் நேர்கோடு. இருபத்தொரு நாளில் பத்தொன்பது நாள் உங்கள் பெயர். மீதி இரண்டு நாள் மாப்பிள்ளை. என் பெயர் கடைசி வரியில், "தேவைப்பட்டால்" என்று, பென்சிலில்.

பெற்றவளைப் பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள்.

கல்யாணத்தன்று நான் பார்த்துப் பார்த்துத் தைத்த உடுப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கடையில் வாங்கியதை அவளுக்கு உடுத்திவிட்டீர்களே, அதே கைதான் இது. நாலு வருஷம் ஆகியும் மாறவில்லை.

உங்களுக்கு அவள் மருமகள். எனக்கு அவள் மிளகு. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள். அழுத அழுகையில் பிரசவ வார்டே எழுந்து உட்கார்ந்தது. அன்றைக்கு வைத்த பெயர். அவள் இப்போது போனில் மெதுவாகப் பேசுகிறாள். எனக்குக் கை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவளுக்கு நீங்களும் நானும் மட்டும்தான் என்று நினைத்துக் கோடு போட்டிருக்கிறீர்கள். எட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவளால் லைசென்ஸ் வாங்கியவர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நேற்று அந்த ஸ்கூல் முதலாளியிடம் பேசினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள்.

மிளகின் அம்மா


பிப்ரவரி 25

சம்பந்தியம்மாவுக்கு,

முதல் சுற்றின் இரண்டு வாரம் கடந்துவிட்டது. தலைமுடி கொட்டத் தொடங்கியிருக்கிறது. "ஷாம்பு செலவு மிச்சம்" என்கிறாள். அவள் சிரிக்கும்போது நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

நீங்கள் ஏற்பாடு செய்த வண்டிகள் பற்றி எழுத வேண்டும். பத்தாம் தேதி வந்தவர் இறைச்சிக்கடைக்காரர். சாமான் ஏற்றும் வேனை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, பின்சீட்டில் புதுத் துண்டு விரித்துக் கொண்டுவந்திருந்தார். ஆள் மலை மாதிரி இருக்கிறார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மருமகள் பின்னால் சாய்ந்துகொண்டே,

"அண்ணே, திரும்பப் போறீங்க. இண்டிகேட்டர் போடுங்க."

"போட்டுட்டேம்மா."

"அது வைப்பர்."

வெயில் கொளுத்தும் காலையில் மருத்துவமனை வரை வைப்பர் ஆடிக்கொண்டே போனது. நிறுத்த அவருக்குத் தைரியமில்லை. சிரித்துச் சிரித்து மருமகளுக்கு விக்கல் வந்துவிட்டது. மருந்து ஏற்றும் நாற்காலியில் உட்காரும்வரை சிரித்தாள். பயந்துகொண்டே போவாள் என்று நினைத்திருந்தேன்.

கீழ் வீட்டு இசை டீச்சரும் இவளிடம் கற்றவராம். சமைத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுநாளும் கேட்டார், அதே பதில். மூன்றாம் நாள் கேட்கவே இல்லை. பாத்திரத்தை வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிப்போய்விட்டார். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது சுற்று மார்ச் மூன்று. நீங்கள் ஆறாம் தேதி வரலாம். பத்து நாள் உங்களுக்கு. பேனாவில் எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் தாயார்


மார்ச் 6, கீழ் வீட்டிலிருந்து

சம்பந்தியம்மா,

ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். இரண்டு மாடி ஏறினேன். மணியை அடித்தேன். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். நான் தும்மினேன். கதவைச் சாத்திவிட்டீர்கள்.

ஒரு வார்த்தை? "வாங்க" என்று ஒரு வார்த்தை? மூட்டையும் முடிச்சுமாக நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இந்த இசை டீச்சர்தான் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். இப்போது அவர் வீட்டு முன்னறையில் இருக்கிறேன். ஆறு பிள்ளைகள் ஆறு சுருதியில் பாடுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே எழுதுவதால் கோபம் எந்த இடத்தில் கூடியிருக்கிறது, எந்த இடத்தில் குறைந்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அது பஸ் தூசித் தும்மல். இரண்டு நாளாகத் தொண்டை கரகரப்பாக இருந்ததும் உண்மைதான். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கதவு சாத்துவதற்குள் அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

மிளகின் அம்மா


மார்ச் 6, மாலை

சம்பந்தியம்மாவுக்கு,

இதைக் கூடையில் வைத்துப் பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்குகிறேன். கூடையில் வெந்நீர்க் குடுவையும் இருக்கிறது, தொண்டைக்கு.

உங்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன். சளி இருப்பவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது டாக்டர் விதி. ஆனால் விதியை வாயால் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் கணவர் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அவருடைய அக்கா வந்தார், என்னோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள், எதிர்வீட்டுக்காரர் வந்தார். எல்லோரிடமும் "நானே பாத்துக்கறேன்" என்றேன். அதுதான் பாசம் என்று நினைத்தேன். கடைசி இரண்டு மாதம் அவர் தண்ணீர் கேட்டாலே எரிச்சல் வந்தது. ஒருநாள் "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. தாகம் எடுத்தாலும் கேட்கவில்லை. இதை என் மகனிடம்கூட நான் சொன்னதில்லை.

இன்று காலை மருமகள் இன்னொரு போர்வை கேட்டாள். அதே எரிச்சல் உள்ளே எட்டிப் பார்த்தது. போர்வையை எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரத்தில்தான் மணி அடித்தது, நீங்கள் தும்மினீர்கள்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இதை அப்படி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் தாயார்


மார்ச் 8, கீழ் வீடு

சம்பந்தியம்மா,

எடுத்துக்கொண்டேன்.

தொண்டை தேவலை. பதினொன்றாம் தேதி டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் மேலே வருவேன். நான் வந்த அடுத்த நிமிடம் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். உங்கள் அட்டவணையில் ஒரு வரி குறைகிறது, நானே சேர்த்துவிட்டேன்: "மாப்பிள்ளையின் அம்மா, பத்து நாள், தூக்கம்." பேனாவில்தான் எழுதினேன்.

இனி வேறு விஷயம். நேற்றுச் சாயங்காலம் மிளகு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே தெருவில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் நீங்கள் செய்த அந்தக் கல்யாண உடுப்பு அநியாயத்தை எடுத்தேன். அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். அப்புறம் தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அம்மா, நீ தைச்சது இடுப்புல ஏறவே இல்ல. உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னு அத்தைகிட்ட அழுதேன். அத்தைதான் ஓடிப்போய் கடையில வாங்கிட்டு வந்து, 'உங்கம்மாகிட்ட நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லிடு'ன்னாங்க."

இறைச்சிக்கடைக்காரர் அந்த நேரம் பார்த்து அங்கே வந்து நின்று, எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

நாலு வருஷம்! நாலு வருஷம் நான் உங்களை ஒவ்வொரு தையலிலும் திட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? என் அளவு தப்பாது, அது வேறு. கல்யாணத்துக்கு முந்தின மாசம் அந்தக் கழுதை பிஸ்கட்டாகத் தின்று தீர்த்திருக்கிறாள்.

வெந்நீர்க் குடுவையைத் திருப்பி அனுப்புகிறேன். இசை டீச்சர் சாப்பாடும் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மிளகின் அம்மா


மார்ச் 17, மருத்துவமனை

சம்பந்தியம்மா,

முதலில் நல்ல செய்தி. காய்ச்சல் இறங்கிவிட்டது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனி நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பார்.

பதினான்காம் தேதி மத்தியானம் மூன்று மணி. "குளுருதும்மா" என்று போர்வைக்குள் சுருண்டாள். தெர்மாமீட்டரில் முப்பத்தெட்டு புள்ளி மூன்று. என்ன செய்வதென்று தெரியாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான் சுவரில் நீங்கள் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. "காய்ச்சல் வந்தால்" என்று சிவப்பு மையில் ஒன்பது வரி. எந்த நம்பருக்குப் பேசுவது, எந்தப் பையை எடுப்பது, எந்த வாசல் வழியாகப் போவது, எல்லாம் இருந்தது. உங்கள் அட்டவணையை இதுவரை எவ்வளவு கிண்டல் செய்தேனோ, அவ்வளவையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வரியை மட்டும் தாண்டிவிட்டேன். "எனக்கு உடனே தெரிவிக்கவும்" என்று இருந்தது. நீங்கள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைய முறைக்கார வண்டி அந்த பேங்க்காரர். நாலு தடவை டெஸ்டில் தோற்று ஐந்தாவதில் தேறியதால் எல்லோரும் "அஞ்சாந்தடவை" என்று கூப்பிடுகிறார்களே, அவரேதான். எட்டு நிமிடத்தில் வாசலில் நின்றார். மிளகு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வழியெல்லாம் அவர் எத்தனையோ தப்புச் செய்தார். எனக்கே தெரிந்தது. அவள் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா வந்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. பேங்க்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து, "ஏதாவது சொல்லுங்க மேடம், திட்டவாவது செய்யுங்க" என்று அழாத குறையாகக் கேட்டார்.

உடனே ஊசி, மருந்து எல்லாம் ஏறியது. "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். மாப்பிள்ளை எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார். மறுநாள் காலை மிளகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். கேட்ட முதல் கேள்வி:

"நேத்து வண்டிய எங்க நிறுத்தினாரு? ஆம்புலன்ஸ் வர்ற வழியிலயா?"

ஆமாம், அங்கேதான்.

"நெனச்சேன்" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார்.

மிளகின் அம்மா


மார்ச் 20

சம்பந்தியம்மாவுக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். என்னை எழுப்பாமல் விட்டதற்கு உங்கள்மேல் அவ்வளவு கோபம். முதல் வரியை முதல் வரியாக எழுதியதற்குக் காரணம் உண்டு என்று நான்கு பக்கம் எழுதினேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த மத்தியானம் நான் உண்மையிலேயே தூங்கினேன். சாப்பிட்டுப் படுத்தவள், மகன் வந்து கதவைத் தட்டும்போதுதான் எழுந்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே காய்ச்சல் வந்திருக்கிறது, வண்டி வந்திருக்கிறது, மருந்து ஏறியிருக்கிறது, அவள் பிழைத்திருக்கிறாள். நான் விழித்திருந்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது பொய் என்று தெரிந்ததும் அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

புது அட்டவணை இணைத்திருக்கிறேன். நீங்கள் பத்து நாள், நான் பத்து நாள். மீதி ஒரு நாள் மகனும் அவளும் மட்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று நாளுக்கொரு முறை சாப்பாடு இசை டீச்சர். துணி துவைப்பது இறைச்சிக்கடைக்காரர் மனைவி. அவரே கேட்டார், நான் சரி என்றேன். ஒரே தடவையில் சரி என்றேன்.

அஞ்சாந்தடவை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளோடு சீட்டாடுவார். மிளகு ஏமாற்றி ஆடுகிறாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வைத்தியம் முடிந்ததால் சட்டமும் முடிந்தது, இனி போனில் பேசலாம் என்று மிளகு நேற்று அனுமதி கொடுத்தாள். பேசினோம். நீங்கள் அழுதீர்கள், நான் அழுதேன், விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஸ்கேன் முடிவு வாங்க நானும் மகனும் அவளும் மட்டும் போவதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தால் மருத்துவமனை வராந்தாவில் இறைச்சிக்கடைக்காரர், அவர் மனைவி, இசை டீச்சர், அஞ்சாந்தடவை, பெயர் கொடுத்த பதினொரு பேரில் எட்டுப் பேர். கடைக்குப் பூட்டு, பள்ளிக்கு லீவு, பேங்குக்குத் தலைவலி என்று ஒரு பொய். செவிலியர் வந்து, "இவ்வளவு பேர் நிக்கக் கூடாது. நீங்கல்லாம் யாரு, சொந்தமா?" என்றார். இறைச்சிக்கடைக்காரர் யோசித்து, "இவங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவங்க" என்றார். "அப்ப வாசல்ல மூணு வண்டி குறுக்க நிக்குதே, அது உங்களோடதா?" என்று கேட்டார் செவிலியர். மிளகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறையில் ஐந்து நிமிடம். "நோய் இருக்கிற அறிகுறி எதுவும் தெரியல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. இப்போதைக்குப் போய் சந்தோஷமா இருங்க" என்றார். என் மகன் எழுந்து அவர் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அவர் மறுகையால் மருந்துச் சீட்டு எழுதினார்.

வெளியே வந்தோம். அத்தனை முகமும் எங்களையே பார்த்தது. சொல்ல வேண்டியவள் மிளகு. அவளால் முடியவில்லை, என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் போனில் நிதானமாகப் பேசிப் பழகிய நான், அந்த வராந்தாவில் "இல்ல! ஒண்ணும் இல்ல! போயிடுச்சு!" என்று கத்தினேன். "அமைதி காக்கவும்" பலகைக்கு நேர் கீழே நின்று கத்தினேன். செவிலியர் பலகையைக் காட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பள்ளிச் சீருடைத் தையல் குவிந்திருக்கும் நேரம், உங்களால் வர முடியவில்லை என்று தெரியும். நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும். அது ஒன்றுதான் குறை.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 3

அன்புள்ள சம்பந்தியம்மா,

இதைப் போனில் கேட்க மூன்று தடவை நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

என் வலது கண்ணில் புரை. கொஞ்ச நாளாக ஊசி கோக்க, கடைக்கு வருகிறவர்களிடம் நீட்டிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். சின்ன விஷயம்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் ஒரு வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மெஷின் பக்கம் போகவே கூடாது. கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், அது எனக்கு நானே விட்டுக்கொள்ளத் தெரியாது, காதுக்குப் போய்விடுகிறது. "கூட யார் இருப்பாங்க?" என்று கேட்டார் கண் டாக்டர். "யாரும் வேணாம், நானே பாத்துக்குவேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யார் மாதிரிப் பேசுகிறேன் என்று உறைத்தது.

புருஷன் போன பிறகு இருபது வருஷமாக எனக்கென்று நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டுப் பழக்கமும் இல்லை. மிளகிடம் சொன்னால் பதறி ஓடிவருவாள். அவளுக்கு உடம்பு இப்போதுதான் தேறுகிறது. அதனால் உங்களைக் கேட்கிறேன்.

வருவீர்களா?

மிளகின் அம்மா


ஆகஸ்ட் 6

அன்புள்ள சம்பந்தி,

வருகிறேன்.

மிளகிடம் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். எனவே மாற்றம்: பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் காரில் கிளம்புகிறோம். அவள்தான் ஓட்டுகிறாள். டாக்டரைக் கேட்டாகிவிட்டது, வழியில் நிறுத்தி நிறுத்திப் போகச் சொன்னார். போன வாரமே தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். தலையில் அரை அங்குலம் முடி, கையில் ஸ்டியரிங். முதல் வளைவில் திரும்பியதும் சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே போனாள். மாடியிலிருந்து என் மகன் விசில் அடித்தான்.

அவர்கள் இருவரும் மூன்று நாள் இருப்பார்கள். நான் பன்னிரண்டு நாள் இருப்பேன். வேண்டுமென்றால் அதற்கு மேலும் இருப்பேன். சொட்டு மருந்து விட எனக்கு நன்றாக வரும். சமையல் சுமார்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், சொல்கிறேன். அளவு எடுக்க மட்டும் சொல்லாதீர்கள்.

"வருவீர்களா?" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். என்னிடம் ஒருவர் துணை கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. பெட்டி கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. இன்னும் நாலு நாள் இருக்கிறது.

உங்கள்
சம்பந்தி